புவாசியூவின் காட்டைச் செம்பில் எழுதிப் பார்த்தபோது

பிரான்சின் லியோன் நகரத்துக் கலைஞரான ழான்-ழாக் த புவாசியூ (1736–1810) அமில அரிப்பு அச்சில் (தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அவற்றில் மை நிரப்பிக் காகிதத்தில் அச்சிடும் முறை) மரங்களுக்குள் வெளிச்சத்தை எப்படி நுழைத்தார் என்பது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே அவருடைய காட்டுக் காட்சி ஒன்றின் சிறு பகுதியை நானே செப்புத் தகட்டில் போட்டுப் பார்த்தேன்.

தகட்டைத் துலக்கிச் சூடாக்கி, மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, மெழுகுவத்திப் புகையில் கருக்கினேன். அச்சில் இடவலம் மாறுமாகையால் படத்தைத் திருப்பியே தகட்டுக்கு மாற்றினேன். ஊசியை அழுத்த வேண்டியதில்லை. பூச்சு விலகினால் போதும், ஆழத்தை அமிலம் பார்த்துக்கொள்ளும்.

இலைகளில்தான் திணறினேன். ஒவ்வோர் இலையாக வரைந்ததில் மரம் மீன்செதில் போர்த்தியதுபோல் ஆயிற்று. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான், அவர் தனி இலை எதையும் வரையாமல், அறுந்த சுழிகளைக் கொத்துக் கொத்தாக இட்டு, வெயில் படும் பக்கத்தில் காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டிருப்பது தெரிந்தது. பூச்சை அழித்து மறுபடி தொடங்கினேன்.

கோட்டின் கருமை அது அமிலத்தில் கிடக்கும் நேரத்தைப் பொறுத்தது. செம்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் 5 நிமிடம் ஊறியதும் தகட்டை எடுத்துக் கழுவி, தொலைவு மரங்களை வார்னிஷால் மூடினேன், பிறகு நடுப்பகுதி, முன்னால் நிற்கும் அடிமரம் மட்டும் 40 நிமிடம் வரை கிடந்தது. பிரெஞ்சு அச்சுக் கலைஞர் ஆபிரகாம் போஸ் 1645-இல் எழுதி, இன்னொரு பிரெஞ்சு அச்சுக் கலைஞரான கொஷான் 1745-இல் திருத்தி வெளியிட்ட அமில அரிப்புக் கையேட்டின் காலத்தில், இப்படி மூடுவதற்கு எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்த கலவை பயன்பட்டது. என் வார்னிஷ் ஓரிடத்தில் வெடித்து, வானத்தில் புள்ளிகள் விழுந்தன. அவற்றைச் சுரண்டித் தேய்த்துச் சமப்படுத்த ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

அதன்பிறகும் கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே ஏதோ குறைந்தது. புவாசியூ அமில வேலைக்கு மேல் உலர் ஊசியையும் (அமிலமின்றிச் செம்பை நேராகக் கீறும் ஊசி) பற்சக்கரக் கருவியையும் (உருட்டினால் புள்ளி வரிசை பதிக்கும் சிறு சக்கரம்) பயன்படுத்தியவர் என்பது நினைவுக்கு வர, நிழல் தரையில் அந்தச் சக்கரத்தை மெல்ல உருட்டினேன். ஈரக் காகிதத்தை அழுத்துபொறியிலிருந்து உரித்தெடுத்தபோது அந்தத் தரையில் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. அடிமரங்களின் இடுக்கில், நான் ஊசியே வைக்காமல் விட்ட இடத்தில், வெயில் நின்றது.