கோட்டாவுல வந்தவ

வழியில் தண்ணி நிக்காத நாளில், வியாசர்பாடியிலிருந்து ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ் வந்துவிடுவேன். எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன். எந்த இடம் எந்த ஒதுக்கீட்டுக்கு, அதில் யார் வந்தாங்கன்னு எழுதி வெச்ச இனச்சுழற்சிப் பதிவேடு என் பீரோவில்தான்.

போன வாரம் டீ வந்தப்போ பக்கத்து சீட்டு சார் சிரிச்சுக்கிட்டே, "உனக்கென்னம்மா, கோட்டாவுல வந்தவ" என்றார். கெட்ட மனுசர் இல்லை. நான் வேலையில் சேர்ந்த புதுசுல பாரமெல்லாம் நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான். அதனாலதான் கூடுதலா வலிச்சுது.

பதிவேட்டை எடுத்து விரிச்சேன். அட்டை கிழிஞ்சு, ஓரமெல்லாம் டீக்கறை. வேலைக்கு எடுக்கிற ஒவ்வொரு 200 இடத்துக்கும் ஒரு சுழற்சி: அதில் 62 பொது. மிச்சம் 138, அதுதான் நம்ம ஊர் 69 சதவீத இடஒதுக்கீடு. சதவீதக் கணக்கில் பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1, மிகவும் பிற்பட்டோருக்கு 20, பிற்பட்டோருக்கு முஸ்லிம்களையும் சேர்த்து 30.

என் பேருக்கு நேரே சிவப்பு மையில் "பொது". குரூப் நாலு பரீட்சையில் என் மார்க் அந்த வரிசையிலேயே என்னை உட்கார வெச்சிருச்சு. நான் எஸ்சி என்பதால் கோட்டா என்று அவரே முடிவு பண்ணிக்கிட்டார். சரி, கோட்டாவில் வந்திருந்தாத்தான் என்ன? அதுக்கும் இதே பரீட்சைதானே எழுதணும்?

நாலு பக்கம் முன்னாடி தள்ளினேன். அவர் பேருக்கு நேரே "பி.வ." பிற்பட்ட வகுப்பு.

கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். ரொம்ப நேரம் துடைச்சார். அன்னிக்கு டீக்காசு அவர் கணக்கு.