சுபனுக்கு வருஷம் 90 லட்சம் டாலர் நியாயம்தான்

ஐஸ் ஹாக்கில டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) சம்பளப் பேச்சுனாலே எனக்கு பி.கே. சுபன் ஞாபகம்தான் வரும். 2013 ஜனவரில லாக்அவுட் (சம்பளத் தகராறுல டீம் ஓனர்கள் என்.எச்.எல் லீக்க நிறுத்தி வச்சது) முடிஞ்சு சீசன் ஆரம்பிச்சும் அவருக்கு கான்ட்ராக்ட் இல்ல, முதல் சில மேட்ச் வெளியவே உக்காந்திருந்தாரு, கடைசில அவரோட டீம் மான்ட்ரியல் கனடியன்ஸ் குடுத்தது ரெண்டு வருஷத்துக்கு 57.5 லட்சம் டாலர். அதுவும் மொத்தமா! அந்த சீசன்லயே மனுஷன் லீக்கோட பெஸ்ட் டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் ட்ராஃபிய வாங்கிட்டாரு.

அப்புறம் 2014ல ஆர்பிட்ரேஷன், அதாவது சம்பளத்த ஒரு நடுவர் முடிவு பண்ற விசாரணை வரைக்கும் போச்சு. அங்க டீமே தன்னோட ப்ளேயர் கிட்ட என்ன குறைனு அடுக்கணும், எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம் அது. தீர்ப்பு வர்றதுக்குள்ள ஆகஸ்ட் 2ம் தேதி 8 வருஷம், 7.2 கோடி டாலர்னு முடிச்சாங்க. வருஷத்துக்கு 90 லட்சம். அந்த சீசன் சேலரி கேப்பே (ஒரு டீம் ப்ளேயர்ஸ் சம்பளத்துக்கு மொத்தமா செலவு பண்ணக்கூடிய உச்சவரம்பு) 6.9 கோடிதான், அதுல ஒருத்தருக்கே 13 சதவீதம் போயிடுச்சுனா மீதிய வச்சு மத்த 20 பேருக்கு மேல பாக்கணும், மேனேஜ்மென்ட் கஷ்டம் புரியுது. ஆனா முன்னாடியே நீளமான கான்ட்ராக்ட் போட்டிருந்தா இதவிட கம்மில முடிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது, ஆரம்பத்துல மிச்சம் பிடிச்சத வட்டியும் முதலுமா குடுத்தாங்க. 2016ல அவரையே நாஷ்வில் டீமுக்கு அனுப்பிட்டு, பதிலா அங்க இருந்த டிஃபென்ஸ்மேன் ஷே வெபர எடுத்தாங்க பாருங்க, அது எனக்கு இன்னும் ஆறல.