டார்னீட் வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி

மெல்பர்னின் மேற்கு விளிம்பில் உள்ள டார்னீட்டில், வயல்வெளியாக இருந்து மனைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. சென்ற ஆகஸ்டில் கீரைப் பாத்தி போடலாம் என்று மண்வெட்டியை எடுத்தபோது, முதல் வெட்டிலேயே அது எரிமலைக் கல்லில் மோதி எகிறியது. இப்பகுதி முழுவதும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளியாதலால், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பதும் மழையில் செருப்பைப் பிடித்துக்கொள்வதுமான களிமண்ணே இங்கு மிகுதி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்த எனக்கு இது அறிமுகமான குணம்தான்.

ஜிப்சம் போட்டால் களிமண் இளகிவிடும் என்று பலரும் கூறினர். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் இருந்த மழைநீரில் கலக்காமல் இட்டு ஒரு நாள் விட்டேன். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் கலங்கினால் சோடியம் மிகுந்த மண். அதற்கே ஜிப்சம் பயன்படும். வெறுமனே உதிர்ந்து, நீர் தெளிவாகவே நின்றால் தொழுவுரமே மருந்து. வேலியோரத்து மண் உதிர்ந்ததோடு சரி. வீட்டை ஒட்டிய மண்ணோ குவளையையே வெண்மையாக்கிவிட்டது. அடித்தளத்துக்காகத் தோண்டிய ஆழத்து மண்ணை மேலே பரப்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இனி தோண்டுவதில்லை, உயர்த்திக் கட்டுவதே சரி என்று முடிவு செய்தேன். இடம் பார்ப்பதில்தான் அதிக நேரம் போயிற்று. சுவரோரம் பாத்தி அமைத்து நீர் பாய்ச்சினால் களிமண் உப்பிக் காங்கிரீட் தளத்தையே தூக்கக்கூடும். பின்வேலி ஓரமாகக் கழிவுநீர்க் குழாய் செல்வதை வீட்டு வரைபடம் காட்டியது. இரண்டுக்கும் நடுவே புல்தரையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

ஆர்சனிக் இல்லாத மருந்து ஏற்றிய பைன் பலகைகள், ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்டவை, ஆறு வாங்கினேன். இரண்டைப் பாதியாக அறுத்து, இரண்டு அடுக்காகத் திருகாணி முடுக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். ஏறத்தாழ 1.15 கன மீட்டர் மண் பிடிக்கும் என்று கணக்கிட்டு அளவாகவே இறக்கியது தவறு. இரண்டு மழைக்குப் பின் நான்கு விரற்கடை அமுங்கிவிட்டது. மக்கிய உரத்தைக் கொட்டி நிரப்பினேன்.

மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் நடக்கும் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமைதான் இவ்வூரில் தக்காளி நடும் நாள். நானும் அன்றே நட்டேன். ஜனவரியில் வடக்கிலிருந்து அனற்காற்று வீசிய ஒரு பிற்பகலில், சாம்பல் நிறத் தகர வேலி அடுப்பாகக் காய்ந்து அதன் பக்கமிருந்த செடிகளின் இலைகளைக் கருக்கியது. தண்டுக்கீரை மட்டும் சற்றும் அசரவில்லை. இதுவரை மூன்று முறை அறுத்துவிட்டோம்.

பிப்ரவரியில் ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பார்த்தபோது தென்மேற்கு மூலை 15 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அடியிலுள்ள களிமண் காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். ஆப்பு வைத்துத் தூக்கலாம்தான்; ஆனால் குளிர்கால மழையில் அது தானாகவே எழக்கூடும் என்பதால், அம்மூலையருகே ஒரு முளையை ஆழமாக அடித்து, பலகையின் மேல்விளிம்பு நிற்கும் மட்டத்தை அதில் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.