அழுதேன், கண்ணீர் வரல

பெரியப்பா தவறினது போன வருஷம். மலேசியாவுல சுங்கை பாக்காப்ல வீடு, ஹால்ல படுக்க வெச்சிருந்தாங்க, நான் போய் கால தொட்டு கும்பிட்டு ஓரமா உக்காந்தேன். என்னைய தோள்ல தூக்கி வளத்தவரு. நெஞ்சு அடைக்குது, தொண்டை இறுகுது, உதடு நடுங்குது, ஆனா கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. மணல் அள்ளி போட்ட மாதிரி எரிச்சல் மட்டும் தான். பக்கத்துல இருந்த ஒரு அத்தை இன்னொருத்தங்க காதுல சொல்றாங்க, "இவளுக்கு எவ்ளோ செஞ்சாரு மனுஷன், கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு"ன்னு. எனக்கு கேட்டுச்சு. அந்த எடத்துல எந்திரிச்சு என் வியாதிய பத்தி என்னத்த சொல்றது?

அதனால இப்ப இங்க சொல்றேன்.

எனக்கு 2019-ல இருந்து ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். தமிழ்ல முடக்குவாதம்னு சொல்வாங்க, ஆஸ்பத்திரில எல்லாரும் ஆர்ஏன்னு தான் சொல்வாங்க. விரல் வீங்குறது, காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரம் கை மடக்க முடியாதது, இதெல்லாம் நெறைய பேரு எழுதிட்டாங்க, நான் எழுத வரல. இது மூட்டு வியாதின்னு நம்மாளுங்க நெனைக்கிறாங்க பாருங்க, அத பத்தி தான் எழுதணும். நானும் அப்படி தான் நெனச்சேன், அதனால ரெண்டு தடவ பெரிய ஆபத்துல மாட்ட பாத்தேன்.

நம்ம ஒடம்புல கிருமிய எதுத்து சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம நம்ம ஒடம்பையே அடிக்குது. மொதல்ல மூட்டு உள்பக்கம் இருக்கற மெல்லிசான சவ்வுல தான் அடி விழும், அதனால வலி அங்க தெரியுது. ஆனா அந்த சண்டையில ஊறி வர்ற பொருளெல்லாம் ரத்தத்துல கலந்து ஓடுது, ரத்தம் போகாத எடம் எது? கண்ணு, நுரையீரல், இருதயம், எலும்பு, தோல், நரம்பு, எச்சில் சுரக்கற எடம் வரைக்கும் போகுது. கண்ணீர் சுரப்பியயும் அது விட்டு வைக்கல. பெரியப்பா காரியம் முடிஞ்ச அடுத்த மாசம் கண் டாக்டர் ஒரு சின்ன காகிதத்த, விரல் நகம் அகலம் கூட இருக்காது, கீழ் இமைக்குள்ள மாட்டி விட்டு கண்ண மூடிக்க சொன்னாங்க. அஞ்சு நிமிஷம். காகிதம் கன்னத்துல இடிச்சிக்கிட்டு நிக்குது, நான் மனசுக்குள்ள முருகா முருகான்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். எடுத்து பாத்தா 3 மில்லிமீட்டர் தான் நனஞ்சிருந்துச்சு. 10-க்கு மேல வரணுமாம், 5-க்கு கீழன்னா ரொம்ப வறட்சி. இதுக்கு சோக்ரன்னு பேரு, தனியாவும் வரும், ஆர்ஏ கூட ஒட்டிக்கிட்டும் வரும். வாயும் இப்படித்தான், கிரீம் கிரேக்கர் பிஸ்கட் ஒன்னு தின்ன ஒரு கிளாஸ் தண்ணி வேணும் எனக்கு, இல்லன்னா மேல் அண்ணத்துல காகிதம் மாதிரி ஒட்டிக்கும். எச்சில் கம்மியானா பல்லும் சீக்கிரம் சொத்தை ஆகும், எனக்கு ஒரே வருஷத்துல மூணு பல்லு அடைக்க வேண்டியதா போச்சு, பல் டாக்டர்கிட்ட ஆர்ஏ இருக்குன்னு நான் சொன்னதே இல்ல, எதுக்கு சொல்லணும்னு இருந்துட்டேன்.

கண்ணு கதை இன்னொன்னும் இருக்கு, வறட்சிய விட அது தான் பயங்கரம். ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்கு மூணு நாள் இருக்கறப்ப இடது கண்ணு செவந்துச்சு. முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன், எண்ணெ பொகைன்னு விட்டுட்டேன். அடுத்த நாள் வீட்டு பக்கத்துல இருந்த கிளினிக் போனேன், பாத்துட்டு செங்கண்ணு தான்னு சொட்டு மருந்தும் ரெண்டு நாள் எம்சியும் (மருத்துவ லீவு) குடுத்தாங்க. வேற என்ன வியாதி இருக்குன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. மூணாவது ராத்திரி, விடியக்காலை ஒரு 3 மணி இருக்கும், வலி எழுப்பி விட்டுடுச்சு. கண்ணுக்குள்ள யாரோ துளை போடற மாதிரி, பொட்டுல இருந்து தாடை வரைக்கும் இறங்குது, கண்ண தொட விட மாட்டேங்குது. செவப்பும் சாதாரண செவப்பு இல்ல, லேசா ஊதா கலந்து இருந்துச்சு. பீளையும் இல்ல, அரிப்பும் இல்ல.

என் சித்தி மக பினாங்குல மிஸ்ஸியா, அதான் நர்ஸா இருக்கா, அவளுக்கு போன் போட்டேன். அவ கேட்ட மொத கேள்வி, "அக்கா, ஆர்ஏ இருக்குன்னு அந்த கிளினிக்ல சொன்னீங்களா இல்லயா?" இல்லன்னேன். "உடனே கெளம்புங்க, தீபாவளி முடியட்டும்னு உக்காந்துடாதீங்க"ன்னு சத்தம் போட்டா. வீட்டுக்காரர் அப்பயே காடிய (கார) எடுத்தாரு, பினாங்கு பாலத்துல ஒரு வண்டி கூட இல்ல, நான் கண்ண துண்டால பொத்திக்கிட்டு போனேன்.

ஆஸ்பத்திரில கண் டாக்டர் ஒரு சொட்டு மருந்து விட்டு கால் மணி நேரம் உக்கார வெச்சாங்க. மேலாக்க இருக்கற சின்ன ரத்த குழாயா இருந்தா அந்த மருந்துக்கு செவப்பு வெளுத்துடுமாம், எனக்கு அப்படியே நின்னுச்சு. ஸ்கிலரைட்டிஸ். கண்ணோட வெள்ளை பகுதி ஆழத்துல வீங்கி போயிருக்கு. அந்த வெள்ளையும் மூட்ட கட்டி வெக்கிற நாரும் ஒரே சரக்கு தானாம், கொலாஜன், அதனால தான் ஆர்ஏ அங்கயும் போகுது. விட்டா அந்த வெள்ளை மெலிஞ்சு போகும், பார்வையே போயிடும். வெறும் சொட்டு மருந்துல அடங்காது, மாத்திரை தான் வேணும், மூட்டுக்கு குடுக்கற மருந்தையே கூட்ட வேண்டி வரும். எனக்கு ஸ்டீராய்ட் குடுத்தாங்க, நாலு நாள்ல வலி இறங்குச்சு. ஆர்ஏ இருக்கறவங்க இத மட்டுமாவது ஞாபகம் வெச்சிக்குங்க, கண்ணு செவந்து, ராத்திரில எழுப்பற மாதிரி வலிச்சு, வெளிச்சம் பட்டா கூசினா, பார்மசில சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டு நாள கடத்தாதீங்க.

அடுத்தது ரத்தம். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவேன் வருஷா வருஷம், 513 படி, பால்குடம் எடுத்துக்கிட்டு. ஒரு வருஷம் பாதி கூட ஏறல, மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது. முட்டி வலிக்கவே இல்ல அன்னிக்கு. அதனால இது ஆர்ஏ இல்லன்னு நானே முடிவு பண்ணிட்டேன், வயசாகுது, ரத்தம் கம்மின்னு பார்மசில இரும்பு சத்து மாத்திரை வாங்கி ஆறு மாசம் முழுங்கினேன். முருங்கக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், அம்மா எல்லாம் செஞ்சு குடுத்தாங்க. எச்பி (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) 9.2-ல நின்னது நின்னது தான், நகரல. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும்.

அப்பறம் தான் எங்க ருமட்டாலஜி டாக்டர், இந்த வியாதிய பாக்கற ஸ்பெஷலிஸ்ட், மலாய்க்கார அம்மா, பொறுமையா வெளக்குனாங்க. ஒடம்புல வீக்கம் ஓடிக்கிட்டே இருந்தா கல்லீரல் ஹெப்சிடின்னு ஒன்ன அதிகமா விடுதாம், அது இரும்ப கிடங்குல போட்டு பூட்டிடும், குடல்ல இருந்து புதுசாவும் உள்ள விடாது. கிருமிக்கு இரும்பு கெடைக்க கூடாதுன்னு ஒடம்பு செய்யற வேலை அது, ஆனா இங்க கிருமியே இல்லயே. அதனால கிடங்குல சரக்கு இருந்தும் ரத்தம் செய்ய கைக்கு வராது. என் ரிப்போர்ட்ல பெரிட்டின், கிடங்குல எவ்ளோ இரும்பு இருக்குன்னு காட்டற அளவு, நல்லா தான் இருந்துச்சு, அத பாத்து தான் கண்டுபிடிச்சாங்க. நெஜமான இரும்பு பத்தாக்குறையும் கூடவே இருக்கலாம், வலி மாத்திரை வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசியலாம், அதனால டாக்டர் பாத்து தான் சொல்லணும், நீங்களா முடிவு பண்ணாதீங்க. எனக்கு ஆர்ஏ மருந்த சரி பண்ணினதும் எச்பி தானா ஏறுச்சு, எட்டு மாசத்துல 11.4.

அந்த மூச்சு வாங்குனதுக்கு நுரையீரலயும் ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, கடவுள் புண்ணியத்துல ஒன்னும் இல்ல. ஆனா ஏன் பாத்தாங்கன்னா ஆர்ஏ நுரையீரல்ல தழும்பு போட வெக்கும், கீழ் பக்கத்துல தான் ஆரம்பிக்கும், வறட்டு இருமல், நடந்தா மூச்சு வாங்கும், டாக்டர் முதுகுல ஸ்டெதஸ்கோப் வெச்சா வெல்க்ரோ பட்டைய பிரிக்கற மாதிரி சத்தம் கேக்கும். சுருட்டு சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இன்னும் மோசம், ஆர்ஏ வர்றதுக்கே சிகரெட் ஒரு காரணம். நம்ம சாப்பிடற மெத்தட்ரக்ஸேட் மாத்திரையும் எப்பவாவது நுரையீரல்ல கோளாறு பண்ணும், அதனால இருமல் விடாம இருந்தா சளின்னு இருமல் மருந்து குடிச்சிக்கிட்டு இருக்காம சொல்லிடணும்.

மெத்தட்ரக்ஸேட்னு சொன்னதும் ஒன்னு. வாரத்துக்கு ஒரு நாள் தான். ஒரு நாள். தெனமும் சாப்பிட்டு ரத்த அணு எறங்கி உயிருக்கே ஆபத்தானவங்க இருக்காங்க, எங்க வீட்ல காலண்டர்ல சனிக்கிழமை எல்லாம் செவப்பு வட்டம் போட்டிருக்கு. கேன்சர் மருந்துன்னு சொல்லி சொந்தக்காரங்க பயமுறுத்துவாங்க, கேன்சருக்கு குடுக்கற அளவு வேற, இது அதுல ரொம்ப ரொம்ப கொஞ்சம்.

இருதயத்த பத்தி நான் நெனச்சே பாக்கல. ஆர்ஏ இருக்கறவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஏறக்குறைய ஒன்னரை மடங்குன்னு கணக்கு வெச்சிருக்காங்க. ரத்த குழாய் சுவருலயும் அதே வீக்கம் தான். இதுல இன்னொரு சிக்கல், வீக்கம் அதிகமா இருக்கறப்ப ரத்தத்துல கொலஸ்ட்ரால் கம்மியா காட்டும், ரிப்போர்ட் நல்லா இருக்கேன்னு நாம சந்தோஷப்பட்டுக்கிட்டு இருப்போம். மலேசியாவுல நம்ம இந்தியர்களுக்கு ஏற்கனவே சக்கரையும் இருதயமும் வீட்டுக்கு வீடு இருக்கு, ஆர்ஏ கிளினிக்குலயும் ஜனத்தொகைக்கு பாத்தா நம்மாளுங்க தான் அதிகமா உக்காந்திருக்காங்க. ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு நெனச்சாலே எனக்கு வயிறு கலங்குது.

எலும்பும் மெலியும், வியாதியாலயும் ஸ்டீராய்டாலயும். முழங்கைல உருண்டை உருண்டையா வலி இல்லாத கட்டி வரும். மணிக்கட்டுல நரம்பு நசுங்கி விரல் மரத்துப் போகும். கழுத்துல மேல ரெண்டு எலும்பு தளந்து போறதும் உண்டு, அதனால எந்த ஆபரேஷன்னாலும் மயக்க மருந்து குடுக்கறவங்ககிட்ட ஆர்ஏ இருக்குன்னு முன்னாடியே சொல்லணும், கழுத்த பின்னாடி சாய்ச்சு தான் குழாய் போடுவாங்க.

பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தைல), வாட்ஸப்ல விக்கிற மூட்டு வலி மாத்திரைய பத்தியும் சொல்லாம போக மனசு வரல. "மூலிகை, ரெண்டே நாள்ல நடக்கலாம்"னு விப்பாங்க, நெஜமாவே நடப்பீங்க, ஏன்னா பல சரக்குல சொல்லாம கொள்ளாம டெக்சாமெத்தசோன் கலந்திருக்கும், அது ஸ்டீராய்ட். 1948-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல மொத மொதல்ல ஒரு ஆர்ஏ நோயாளி பொம்பளைக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டப்ப எந்திரிக்க முடியாதவங்க சில நாள்ல நடந்தாங்க, அதுக்கு 1950-ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஆனா நாள் கணக்குல எடுத்தா என்ன ஆகும்னு பின்னாடி தான் தெரிஞ்சுது, சக்கரை ஏறும், மூஞ்சி உப்பும், எலும்பு உதிரும், பட்டுனு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும். டாக்டர் அளவு பாத்து குடுக்கறது வேற, அளவே தெரியாம முழுங்கறது வேற. டப்பால எம்ஏஎல் நம்பரும் (அரசாங்கத்துல மருந்து பதிஞ்ச நம்பர்) ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா தொடாதீங்க.

கடைசியா களைப்பு. இத எப்படி சொல்றதுன்னு தெரியல. தூங்கி எந்திரிச்சா போற களைப்பு இல்ல இது, காய்ச்சலுக்கு முந்தின நாள் மாதிரி, ஒடம்பு முழுக்க ஈர துணிய சுத்தி வெச்ச மாதிரி. ஆபீஸ்ல கிராணி (கிளார்க்) வேலை தான் எனக்கு, உக்காந்து செய்யற வேலை, மத்தியானம் 3 மணிக்கு திரையில நம்பர் எல்லாம் நகரும். மனசும் கூடவே விழுந்துடும். ஒரு தடவ பொண்ணு வந்து "அம்மா பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்துட்டேன், அவ மூஞ்சி சுருங்கினது இன்னும் கண்ணுல இருக்கு. வீக்கத்த உண்டாக்குற அதே பொருள் மூளையிலயும் வேலை செய்யுது, அதனால தான் மனச்சோர்வு ஆர்ஏகாரங்களுக்கு அதிகம்னு டாக்டர் சொன்னப்ப, அந்த நாற்காலில உக்காந்து அழுதேன். அப்பவும் தண்ணி வரல. அவங்களுக்கு புரிஞ்சுது, டிஷ்யூ எடுக்கல, மேஜை மேல இருந்த சொட்டு மருந்த நகத்தி குடுத்தாங்க.

இப்ப ஒரு 555 நோட்டு, பாக்கெட்ல அடங்கற சின்ன நோட்டு, வெச்சிருக்கேன். மூட்டுக்கு சம்பந்தமே இல்லன்னு எனக்கு தோணறது தான் அதுல மொதல்ல எழுதறது, இருமல், வாய் புண்ணு, விரல் மரத்தது, எத்தன மாடி ஏறினா மூச்சு வாங்குச்சு, எல்லாம் தேதி போட்டு. அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 வெள்ளி (ரிங்கிட்) தான், ஆனா டாக்டர் முன்னாடி உக்கார்ற நேரம் கொஞ்சம், அங்க போய் யோசிச்சா பாதி மறந்துடும்.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு அக்கா அந்த நோட்ட வாங்கி பொரட்டினாங்க. ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்பறம் சட்டை கைய மடக்கி முழங்கைய காட்டினாங்க, தோலுக்கு அடியில கொண்டைக்கடலை அளவுக்கு ரெண்டு உருண்டை, "இது ஒரு வருஷமா இருக்கு, வலி இல்லயேன்னு விட்டுட்டேன், காலைல மோதிரம் மட்டும் ஏற மாட்டேங்குது"ன்னாங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் அரை நாள் லீவ் போட்டிருக்கோம், கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போய் அவங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட பாக்க கடிதம் வாங்கணும், நம்பர் எடுக்க 7 மணிக்கே போயிடணும்.