சின்ன டிக்கெட்தானே என்று கட்டிவிடாதீர்கள்: அமெரிக்க ரோட்டோர இன்ஸ்பெக்ஷன் பற்றி டிரக் ஓட்டுநர்களுக்கு

கோர்ட் ஜன்னலில் இருப்பவர் எப்போதும் ஒன்றையேதான் சொல்வார்: "எக்விப்மென்ட் டிக்கெட்தானே, கட்டிவிட்டுப் போங்கள்." வாகனப் பழுதுக்கு எழுதிய டிக்கெட்டோடு போன என்னிடமும் அதைத்தான் சொன்னார். நீதிபதி முன் நிற்கத் தேதி கேட்டதும் முகம் சுளித்தார். பணம் கட்டினால் அவருக்கு ஒரு கோப்பு மூடும், நமக்கோ ஒரு கதவு மூடும். அமெரிக்காவில் ஓட்டுகிறவர்களும், ஒன்டாரியோவிலிருந்து எல்லை தாண்டி வரும் நம்மவர்களும் கார்டை நீட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கேலில், அதாவது எடைச் சாவடியில், நம் கைக்கு வருவது இரண்டு தனித்தனி விஷயம். டிக்கெட் அந்த மாநிலக் கோர்ட்டுக்குப் போகும். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், டிரக் பாதுகாப்பைப் பார்க்கும் ஃபெடரல் அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் கணினிக்குப் போகும். அபராதம் கட்டினாலும் ரிப்போர்ட்டில் பழுதை எழுதிய அந்த வரி அழியாது. ஆபீசர் கண்முன்னேயே பல்பை மாற்றினாலும் அழியாது.

அந்த வரியால் சிடிஎல்லில் (கமர்ஷியல் டிரைவிங் லைசென்ஸில்) புள்ளி ஏறும் என்று பலர் பயப்படுகிறார்கள். சிஎஸ்ஏ என்னும் எஃப்எம்சிஎஸ்ஏவின் பாதுகாப்புக் கணக்கு கம்பெனிக்கு உரியது, உங்கள் லைசென்ஸில் ஏறாது. ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் பார்க்கும் ஓட்டுநர் பதிவான பிஎஸ்பி அறிக்கையில் மூன்று வருட இன்ஸ்பெக்ஷன் விவரம் உங்கள் பெயரில் நிற்கும். அடுத்த வேலை கொடுப்பவர் பார்ப்பது அதைத்தான். கம்பெனிக் கணக்கில் ஒவ்வொரு பழுதுக்கும் அதன் கடுமைக்கேற்ற எடை உண்டு: தேய்ந்த டயருக்கு 8, பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு 4, முன்கண்ணாடிக்கு 1. முதல் ஆறு மாதம் அதை மூன்றால் பெருக்குவார்கள், அடுத்த ஆறு மாதம் இரண்டால், இரண்டாம் வருடம் ஒன்றால். இந்த எடைகளை 1, 2 என்று சுருக்கப்போவதாக 2024 நவம்பரில் எஃப்எம்சிஎஸ்ஏ அறிவித்தது. எடை மாறினாலும் ரிப்போர்ட்டில் வரி இருக்கத்தான் செய்யும்.

இனி கோர்ட். 2014 ஆகஸ்ட் 23 முதல் நடந்த இன்ஸ்பெக்ஷன்களுக்கு ஒரு வழி உண்டு. அதே குற்றத்துக்கு எழுதிய டிக்கெட் தள்ளுபடியானாலோ, குற்றமில்லை என்று தீர்ப்பானாலோ, அந்தக் கோர்ட் தாளை டேட்டாக்யூஸில் (ரிப்போர்ட்டைத் திருத்தக் கேட்கும் எஃப்எம்சிஎஸ்ஏ இணையதளத்தில்) ஏற்றி, கம்பெனிக் கணக்கிலிருந்தும் பிஎஸ்பியிலிருந்தும் அந்த வரியை எடுக்கச் சொல்லலாம். வேறு சின்னக் குற்றமாக மாற்றித் தீர்ப்பு வந்தால் வரி இருக்கும், எடை 1 ஆகும். அபராதம் கட்டிவிட்டால் எதுவும் மாறாது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. "தள்ளுபடி செய்கிறோம், ஆனால் இவ்வளவு கட்டுங்கள்" என்று பேரம் வரும். அபராதமோ தண்டனையான கோர்ட் செலவோ கட்டி வாங்கிய தள்ளுபடி, டேட்டாக்யூஸில் தள்ளுபடியாக எண்ணப்படாது. கட்டச் சொல்லும் தொகை என்ன கணக்கில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் பழுதைச் சரிசெய்து, போலீஸ் கையெழுத்து வாங்கி, 25 டாலர் கட்டினால் முடிகிற டிக்கெட் உண்டு. அங்கேயும் தீர்ப்புத் தாளில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஜன்னலை விட்டு நகர வேண்டும். முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் ரசீதை மட்டும் நீட்டுவார்கள், அது எதற்கும் உதவாது.

"சிடிஎல் வைத்திருப்பவருக்கு நாங்கள் எதையும் குறைக்க முடியாது, ஃபெடரல் சட்டம்" என்று அரசு வக்கீல் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். தீர்ப்பை மறைக்கக் கூடாது என்னும் அந்த விதியிலேயே பார்க்கிங், வாகன எடை, வாகனப் பழுது மூன்றுக்கும் விலக்கு இருக்கிறது. விதி எண் 384.226. எண்ணைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பதில் ஒரு சின்னத் திருப்தி.

டிக்கெட் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் எழுதியிருந்தால் கோர்ட் வழி கிடையாது. அப்போது "நடந்தது இது அல்ல" என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு, அலங்கார விளக்கு. ஃபெடரல் விதி 393.9 கேட்பது சட்டப்படி இருக்க வேண்டிய விளக்குகள் எரிவதை மட்டும்தான். கூடுதலாக மாட்டிய வரிசையில் ஒன்று அணைந்ததை எழுதியிருந்தால், படத்தோடு கேள்வி கேட்கலாம். 30 அடியோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லரின் நடுப்பக்க மஞ்சள் மார்க்கர் விளக்கு அப்படி அல்ல, அது கட்டாயம். மட்ஃபிளாப் (சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுப்பு) ஃபெடரல் விதியிலேயே இல்லை, மாநிலச் சட்டங்களில்தான் வருகிறது. எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டேட்டாக்யூஸ் மனு கடைசியில் ரிப்போர்ட் எழுதிய மாநிலத்திடமே போய்ச் சேரும் என்பதால், கோபத்தைக் கொட்டாமல் பிரிவு எண், படம், ரிப்போர்ட் எண் மட்டும் வையுங்கள்.

ரிப்போர்ட்டைக் கம்பெனியின் அடுத்த டெர்மினலில் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர மாட்டீர்கள் என்றால் உடனே அனுப்ப வேண்டும். பழுது நீக்கியதாகக் கையெழுத்திட்டு 15 நாளுக்குள் திருப்பி அனுப்புவது கம்பெனி வேலை (மாநிலம் கேட்டால் மட்டும் அனுப்பினால் போதும் என்று மாற்ற 2025ல் ஒரு முன்மொழிவு வந்தது). சேஃப்டி ஆபீஸில் "வரவே இல்லை" என்பார்கள். அனுப்பிய ஃபோட்டோவும் நேரமும் உங்கள் ஃபோனில் இருக்கட்டும். ஒரு பழுதும் இல்லாத இன்ஸ்பெக்ஷன் என்றால் அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள், அது கம்பெனிக் கணக்கைக் குறைக்கும்.

விளக்குப் பழுதில் பல்பைக் குறை சொல்வதற்கு முன் டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு பின் பிளக்கைப் பாருங்கள். மேலேயும் பக்கத்திலும் உள்ள மார்க்கர்கள் மொத்தமாக அணைந்தால் கறுப்பு ஒயர். டெயில் லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் போனால் பழுப்பு. சிக்னல் போடும்போது மற்ற விளக்குகள் மங்கினால் வெள்ளை, அதாவது கிரவுண்ட். நடு பின் நீலம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு). பச்சை பிடித்த பின்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, பிளவுள்ள பின்னை சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாக விரித்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். உப்பு போடும் குளிர்காலத்தில் இதை வாராவாரம் செய்தாலும் தகும். தனியாக இருக்கும்போது பிரேக் லைட் பார்க்க, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போங்கள்.

1998 மார்ச் முதல் தயாரான டிரெய்லர்களில் இடது பின்பக்கம் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு இருக்கும். மின்சாரம் வந்ததும் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் குற்றம், எரியவே இல்லாவிட்டாலும் குற்றம். பல்பைக் கழற்றிவிடும் சாமர்த்தியம் எல்லா ஆபீசர்களுக்கும் தெரியும்.

தீயணைப்பான் 5 பிசி (B:C, அதன் மேல் எழுதியிருக்கும் திறன் அளவு) அளவில் ஒன்று, அல்லது 4 பிசி இரண்டு. அபாயச் சரக்குப் பலகை மாட்டினால் 10 பிசி. முள் பச்சையில் நின்றாலும், கேபின் படுக்கையில் உருண்டு கிடந்தால் எழுதுவார்கள். கிளாம்பில் இருக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணம் மூன்று, உடையாமல். முன்கண்ணாடியில் குறுக்கே வேறு விரிசல் வெட்டாத ஒற்றை விரிசல் சரி. முக்கால் அங்குல வட்டத்துக்குள் அடங்கும் சேதமும் சரி, மூன்று அங்குலத்துக்குள் இன்னொன்று இல்லாத வரை. டயர் பள்ளத்தின் ஆழம் முன் ஸ்டீயர் டயரில் குறைந்தது 4/32, மற்றவற்றில் 2/32 அங்குலம்.

யாரோ யார்டில் விட்டுப்போனதை நாம் எடுத்துப்போகும் டிராப் டிரெய்லர்தான் மோசம். யாருடைய டிரெய்லராக இருந்தாலும், பழுது பெரும்பாலும் இழுக்கும் கம்பெனியின் டாட் நம்பரில்தான் (அதன் ஃபெடரல் பதிவு எண்ணில்) ஏறும். வருடாந்திர இன்ஸ்பெக்ஷன் ஸ்டிக்கர் மங்கிப்போய்த் தேதி தெரியவில்லை என்றால் யார்டிலேயே தாள் கேளுங்கள். "எல்லாரும் அப்படியேதான் எடுத்துப் போகிறார்கள்" என்று பதில் வரும். தாள் வரும் வரை ஹூக் செய்யாதீர்கள், அதாவது டிரெய்லரை மாட்டாதீர்கள். ஹூக் செய்ததும் நான்கு பக்கமும் விளக்கெரிய ஃபோட்டோ எடுங்கள், ஒவ்வொன்றிலும் டிரெய்லர் நம்பர் தெரியும்படி.