கொரோஸ்: ஐந்து நட்சத்திரம் வாங்கியும் விற்காத கார்

நல்ல காரைச் செய்துவிட்டால் போதும், சந்தை தானாக வரும் என்று நினைக்கிறவர்கள் கொரோஸின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சீனாவின் செரி கார் நிறுவனமும் இஸ்ரேல் கார்ப்பரேஷனும் பாதிக்குப் பாதி பங்கு போட்டு 2007-ல் தொடங்கிய கம்பெனி இது. கொரோஸ் என்ற பெயர் 2011-ல் வந்தது. தொழிற்சாலை ஜியாங்சு மாகாணத்தின் சாங்ஷு நகரில். ‘மினி’ பிராண்ட் கார்களின் வடிவமைப்பை முன்பு கவனித்த கெர்ட் ஹில்டபிராண்ட் வடிவமைப்புத் தலைவர். பொறியியல் வேலையில் மேக்னா ஸ்டெயர் நிறுவனம், கியர்பாக்ஸுக்கு கெட்ராக் நிறுவனம். உள்ளே இருந்த எஞ்சின் மட்டும் செரி வழி வந்த 1.6 லிட்டர்.

முதல் கார் கொரோஸ் 3, 2013 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சீனக் கார் எதற்கும் அதுவரை அது கிடைத்ததில்லை. பெரியவர்கள் பாதுகாப்பில் 95 சதவீதம்! அப்போதைய சோதனையில் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முகப்பின் 40 சதவீதத்தை மட்டும் தடுப்பில் மோதவிட்டார்கள். முழு முகப்பும் மோதினால் விசை இருபுறமும் பிரியும். இதில் ஒரு பக்கச் சட்டமே மொத்தத்தையும் தாங்க வேண்டும். உடற்கட்டில் பலவீனம் இருந்தால் கதவுத் தூண் மடங்கி, பெடல்கள் கால்மேல் ஏறிவிடும். 2007-ல் இன்னொரு சீனக் காரான பிரில்லியன்ஸ் பிஎஸ்6 ஒற்றை நட்சத்திரத்தோடு திரும்பியதை வைத்துப் பார்த்தால், ஆறே வருடத்தில் இது அசாத்தியமான வேலை.

ஆனால் விற்கவில்லை. ஆண்டுக்கு 1,50,000 கார் செய்யக்கூடிய ஆலை. 2014-ல் விற்றது சுமார் 7,000. ஐந்து சதவீதம்கூட இல்லை. தகடுகளை அடிக்கும் அச்சுகளுக்கும் பெயின்ட் கூடத்துக்கும் போட்ட பணம் 7,000 கார் செய்தாலும் அதேதான், லட்சம் செய்தாலும் அதேதான். அப்படியானால் ஒவ்வொரு கார் மேலும் எவ்வளவு ஏறும்?

காரணங்களில் முதலாவது விலை. சீனாவில் சுமார் 1,20,000 யுவானில் தொடங்கியது. அந்தப் பணத்துக்கு அங்கேயே தயாராகும் ஃபோக்ஸ்வாகன், டொயோட்டா கிடைக்கும். ஷோரூமில் நிற்பவருக்கு விபத்துச் சோதனை மதிப்பெண்ணைவிட மறுவிற்பனை விலைதான் கண்ணில் படும். டர்போ இல்லாத 126 குதிரைத்திறன் எஞ்சினும் அந்த எடைக்கு மந்தம். என் கணிப்பில் இவற்றைவிடப் பெரிய பிழை, செடானில் தொடங்கியது. சீனா எஸ்யூவிக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஹவால் எச்6 2011-லேயே சாலையில். கொரோஸ் 2014-ல் காட்டியது சற்று உயர்த்திய ஹேட்ச்பேக். முழு எஸ்யூவியான கொரோஸ் 5 வந்தது 2016-ல்.

அதே ஆண்டு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு இல்லாமல், காற்றழுத்தத்தால் அவற்றை இயக்கும் எஞ்சினை, ஸ்வீடனின் அதிவேகக் கார் நிறுவனமான கோனிக்செக் குழுவின் ஃப்ரீவால்வ் கம்பெனியோடு சேர்ந்து காட்டினார்கள். அருமையான சிந்தனை. பணம்தான் இல்லை.

பிறகு சீனாவின் பாவ்னெங் குழுமம் கொரோஸின் 51 சதவீதப் பங்கை வாங்கியது. 2018-ல் விற்பனை 60,000-ஐத் தாண்டியது. ஆனால் பெரும்பகுதி பாவ்னெங் தொடர்புள்ள வாடகை நிறுவனங்களுக்கே போனது. சொந்தக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கூடவில்லை. 2021-ல் பாவ்னெங் கடனில் சிக்கியதும் இந்தத் தாங்கலும் போய், உற்பத்தி நின்றது.

இப்போது இந்தக் காரை வைத்திருப்பவர், மற்ற கார்களுக்கும் பாகம் தரும் பொதுச் சப்ளையர்களிடமிருந்து வந்த பாகங்களுக்கு மட்டும் மாற்று தேடிப் பார்க்கலாம். ஆனால் ஹெட்லைட், பம்பர், கதவுத் தகடு ஆகியவை இந்தக் காருக்கென்றே செய்த அச்சில் வந்தவை. பழைய வண்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.