அப்பா ஏன் விடிகாலையில் சோடா போட்டார்

அருப்புக்கோட்டையில் அப்பா கோலி சோடா போட்டு விற்ற காலத்தில், காலை நாலு மணிக்கே பின்கட்டில் மெஷின் சுற்றும் சத்தம் கேட்கும். ராத்திரியே மண்பானைகளில் ஊற்றி வைத்த தண்ணீரைத்தான் பாட்டில்களில் நிரப்புவார். வெயில் ஏறிவிட்டால் யார் வந்து கேட்டாலும் மெஷினைத் தொட மாட்டார். "இப்ப போட்டா கேஸ் நிக்காதுப்பா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

போன வாரம் என் மகள் ஒரு சோடா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லையேப்பா, திறந்ததும் இவ்வளவு நுரை எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள். சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். 600 மில்லி பாட்டில், திறக்காமல் 627 கிராம் இருந்தது. மெல்லத் திறந்து, அரை மணி நேரம் அவ்வப்போது சுழற்றிவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் மூடியோடு மறுபடி வைத்தோம். 623. அந்த நாலு கிராமும் கரியமில வாயு. வெளியே அது இரண்டு லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். அவ்வளவும் கண்ணுக்கே தெரியாமல் தண்ணீருக்குள் கரைந்து கிடந்திருக்கிறது.

அதை உள்ளே நிறுத்தி வைப்பவை இரண்டு: அழுத்தமும் குளிர்ச்சியும். மேலே இருக்கும் வாயுவின் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூடுதலாக அது தண்ணீரில் கரையும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டு சொன்னார். மூடியைத் திறந்தால் அழுத்தம் இறங்குகிறது, கரைந்தது வெளியே கிளம்புகிறது. குளிர்ச்சியின் கணக்கு இன்னும் எனக்குப் பிடித்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில், 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் கரியமில வாயுவைத்தான் ஏற்கும். உறையும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மூன்று கிராமுக்கும் மேல் ஏற்கும். மண்பானையின் சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. விடியும் நேரத்தில் அந்தத் தண்ணீர்தான் எங்கள் வீட்டிலேயே குளிர்ந்த பொருள். அப்பா பார்த்த நேரம் அதுதான்.

எங்கள் மெஷினில் ஒரு தடவைக்கு மூன்று பாட்டில். இரும்புக் கூண்டுக்குள் மாட்டி, சிலிண்டரிலிருந்து கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவார். சும்மா திறந்துவிட்டால் வாயு மேற்பரப்பிலேதான் தொடும். சுற்றும்போது தண்ணீர் சிதறிச் சிதறி அதோடு கலக்கும். பாட்டிலின் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துவார். கோலி தன் எடையிலேயே உருண்டு வந்து கழுத்தில் உள்ள ரப்பர் வாஷரில் உட்காரும். அப்புறம் நிமிர்த்தினாலும் விழாது, உள்ளே இருக்கும் கேஸே அதை மேலே தள்ளிப் பிடித்திருக்கும். தப்பிக்கப் பார்க்கும் வாயுவையே பூட்டாக மாற்றிய இந்த யோசனைக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குக் கீழே கண்ணாடியை நெரித்து ஒடுக்கியிருக்கும் இடமும் அவர் யோசனைதான். சாய்த்துக் குடிக்கும்போது கோலி திரும்ப வந்து வாயை அடைக்காமல் அங்கே மாட்டிக்கொள்ளும்.

கூண்டு எதற்கு என்பதற்கு அப்பாவின் இடது புருவத்துத் தழும்பு சாட்சி. கண்ணாடியில் மயிரிழை கீறல் இருந்தாலும் பாட்டில் வெடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, சத்தம் கேட்டுத்தான் மாட்டுவார்.

கடையில் எலுமிச்சைச் சோடா கேட்டால், உப்பைத் தம்ளரில் போட்டு அதன் மேல் சோடாவை ஊற்றுவார். உப்புத் துகளின் மேடுபள்ளங்களில் குமிழ்கள் பிறந்து குபுகுபுவென்று பொங்கும். "பொங்கும்போதே குடிச்சிடுங்கண்ணே" என்று நீட்டுவார். அடங்கிய பிறகு குடித்தால் நாக்கில் அந்தச் சுரீர் இருக்காது. அது குமிழின் குத்தல் மட்டும் இல்லை, கரைந்த வாயு தண்ணீரோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய அமிலத்தின் புளிப்பும்கூட.

தராசு விஷயத்தை அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நீங்க மண்பானையில ஊத்தி வச்சது அதுக்குத்தானேப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பானைத் தண்ணி கேஸ நல்லா இழுக்கும்" என்றார். "மார்கழியில இன்னும் நல்லா இழுக்கும். ஆனா மார்கழியில எவன் சோடா குடிப்பான்?"